கடைசி அழைப்பு ஏன் போனது?

யாரும் கூப்பிடாத ஒரு ஃபங்ஷன் ஃபைலில் சும்மா கிடந்தால் என்ன நஷ்டம்? "இருந்துட்டுப் போகட்டும்ணா, அது என்ன சோறா கேக்குது?" என்பது எங்கள் குழுவில் இருக்கும் சங்கராபுரத்துத் தம்பியின் கட்சி. பொதுவான நிரல்களைப் பற்றி அவர் அப்படிச் சொன்னால் நான் பெரிதாக மல்லுக்கட்ட மாட்டேன். பல மொழிகளில் கம்பைலரே எச்சரித்துவிடும். இல்லையென்றால் எடிட்டர் அந்தப் பெயரை மங்கலாகக் காட்டும். ஆனால் ஷெல்லில் எழுதிய டெஸ்ட் ஃபிரேம்வொர்க் என்றால் எனக்கு விட மனசு வராது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நீளமானது. டீ போட்டு வைத்துக்கொண்டு படிப்பது உத்தமம்.

முதலில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியில் இருக்கும் சில நண்பர்கள் சேர்ந்து, பொதுவெளியில் கிடைக்கும் கிராமப் பட்டியல்களை ஒழுங்குபடுத்தும் ஸ்கிரிப்ட்டுகளை வைத்திருக்கிறோம். ஒரே ஊருக்கு நாலு எழுத்துக்கூட்டல், ஒரே பஞ்சாயத்துக்கு இரண்டு குறியீடு, இந்த மாதிரித் தலைவலிகளை ஒரு வழிக்குக் கொண்டுவருவதுதான் வேலை. எல்லாம் பாஷ். இந்தக் காலத்தில் பாஷா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு பக்கம் இருக்கும் நண்பர்கள் இதைப் பழைய லேப்டாப்பில் ஓட்டுகிறார்கள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏறிவிட்டால் சிக்னல் அதன் இஷ்டத்துக்கு வரும், போகும். 'முதலில் இந்த 300 எம்பி பேக்கேஜை இறக்கிக்கொள்ளுங்கள்' என்று அவர்களிடம் சொல்ல முடியாது. லினக்ஸ் இருந்தால் பாஷ் இருக்கும். அது போதும்.

ஸ்கிரிப்ட்டுக்கு டெஸ்ட் வேண்டும். டெஸ்ட்டுக்கு ஒரு ஃபிரேம்வொர்க் வேண்டும். அதற்கு நாங்கள் பார்த்துக் கற்றது கிட் மென்பொருளின் டெஸ்ட் தொகுப்பை. கிட்டை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் தொடங்கினார். அடுத்த மாதமே ஜூனியோ ஹமானோ அதற்கு ஷெல்லில் ஒரு டெஸ்ட் லைப்ரரி எழுதிச் சேர்த்தார். இன்றைக்கும் கிட்டின் டெஸ்ட்டுகளில் பெரும்பகுதி ஷெல்தான். அந்த லைப்ரரியைத் தனியாகப் பிரித்தெடுத்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும்படி 'ஷார்னெஸ்' என்ற பெயரில் 2011 வாக்கில் வெளியிட்டார்கள். அதே காலத்தில்தான் 'பேட்ஸ்' என்ற இன்னொரு பாஷ் ஃபிரேம்வொர்க்கும் வந்தது. நாங்கள் எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பார்த்து, எங்கள் கைக்கு ஏற்ற மாதிரி சின்னதாக ஒன்று எழுதிக்கொண்டோம். சின்னதாக என்பது தொடங்கிய அன்றைய நிலைமை.

ஹெல்பர் ஃபங்ஷன்கள் எப்படிப் பெருகும் என்று ஷெல்லில் டெஸ்ட் எழுதிய எவருக்கும் தெரியும். ஒரு டெஸ்ட்டுக்கு இரண்டு ஃபைல்களை ஒப்பிட வேண்டும், ஒரு ஹெல்பர். இன்னொருவர் அதே ஒப்பீட்டைக் காலி வரிகளை விட்டுவிட்டுச் செய்ய வேண்டும், இன்னொரு ஹெல்பர். மூன்றாமவர் முதல் இரண்டையும் பார்க்கவே இல்லை. அவரும் ஒன்று எழுதுவார். பிறகு ஸ்கிரிப்ட் மாறும், டெஸ்ட் மாறும், சில டெஸ்ட்டுகள் காணாமல் போகும். டெஸ்ட் போகும்போது ஹெல்பர் கூடவே போகாது. அது வேறு ஃபைலில் இருக்கிறது, வேறு யாரோ எழுதியது, நமக்கு எதற்கு வம்பு என்று விட்டுவிடுவோம்.

தம்பியின் கேள்விக்கு என் பதில் இதுதான். சாதாரண நிரலில் ஒரு ஃபங்ஷன் கெட்டுப்போனால் டெஸ்ட் கண்டுபிடிக்கும். டெஸ்ட்டுக்கு உள்ளேயே இருக்கும் ஹெல்பர் கெட்டுப்போனால்? அதைத் தினமும் கூப்பிடும் டெஸ்ட்டுகள்தான் அதற்கு ஒரே காவல். கூப்பிடுவார் யாரும் இல்லையென்றால் அந்தக் காவலும் இல்லை. அதற்குள் அது நம்பியிருந்த வேரியபிள் பெயர் மாறியிருக்கும், தற்காலிக ஃபோல்டரின் இடம் மாறியிருக்கும். ஷெல்லில் இல்லாத வேரியபிள் என்றால் காலிச் சரம், அவ்வளவுதான். பிழை எதுவும் கத்தாது. காலிச் சரத்தைக் காலிச் சரத்தோடு ஒப்பிட்டு 'சரியாக இருக்கிறது' என்று அது சந்தோஷமாகச் சொல்லும். ஆறு மாதம் கழித்துப் புதிதாக வரும் ஒருவர் லைப்ரரியைத் திறக்கிறார். தனக்கு வேண்டிய பெயரில் ஒரு ஹெல்பர் தயாராக இருப்பதைப் பார்க்கிறார். எடுத்துப் போடுகிறார். டெஸ்ட் பச்சை. அந்தப் பச்சைக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. செத்த ஹெல்பர் சோறு கேட்காது என்பது சரி, ஆனால் வாசலில் உட்கார்ந்துகொண்டு புதிதாக வருபவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

சரி, நீக்கிவிடலாம் என்று முடிவு செய்தால், எதை? இங்கேதான் ஷெல் தன் வேலையைக் காட்டும்.

பெயரைத் தேடிப் பார். எழுதிய இடத்தைத் தவிர வேறெங்கும் இல்லையென்றால் தூக்கு. எல்லோரும் முதலில் செய்வது இதுதான். கிட் கிரெப்பில் முழுச்சொல் தேடலுக்கான டபிள்யூ ஆப்ஷனைப் போட்டு, ஒவ்வொரு ஹெல்பர் பெயரும் எத்தனை முறை வருகிறது என்று எண்ண ஒரு சின்ன லூப் போதும். பாஷில் 'டிக்ளேர்' கட்டளைக்குப் பெரிய எஃப் கொடுத்தால் அந்த நேரத்தில் வரையறுக்கப்பட்டிருக்கும் ஃபங்ஷன் பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்துவிடும். தம்பி இதைச் செய்து ஒரு பட்டியல் கொண்டுவந்தார். அந்தப் பட்டியலில் 'ஃபேக்_டிராப்' என்று ஒன்று இருந்தது. நெட் பாதியில் அறுந்துபோனால் ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்று பார்க்க எழுதியது. மலையில் ஓட்டுகிறவர்களுக்காகவே பிறந்த ஹெல்பர்.

"இது யூஸ்ல இல்லண்ணா, எங்கயும் வரல."

"தம்பி, 'ஃபேக்_' மட்டும் தேடிப் பாரேன்."

தேடினார். ஒரு டெஸ்ட்டில் நெட்வொர்க் நிலைகளின் பெயர்களை ஒரு லூப்பில் சுற்றவிட்டு, 'ஃபேக்_' என்பதோடு அந்தப் பெயரை ஒட்டி, வரும் சொல்லையே கட்டளையாக ஓட்டியிருந்தோம். முழுப்பெயர் எந்த ஃபைலிலும் எழுதப்படவே இல்லை. ஓடும் நேரத்தில்தான் அது உருவாகிறது. ஷெல்லில் கட்டளையும் ஒரு சரம்தான் என்பதால் இப்படியெல்லாம் செய்யலாம், செய்கிறோம். இதைத் தவிர ஷெல்லின் 'டிராப்' (trap) கட்டளைக்குள் மேற்கோளில் எழுதி வைத்த கிளீனப் ஃபங்ஷன்கள், 'ஈவல்' வழியாக ஓடுபவை, ஒரு ஹெல்பருக்கு ஆர்குமென்ட்டாகக் கொடுக்கப்படும் இன்னொரு ஹெல்பர் என்று பல வேஷங்கள் உண்டு.

ஷெல்செக் இருக்கிறதே என்று சிலர் கேட்பீர்கள். அருமையான கருவி, அது இல்லாமல் நான் ஒரு வரி கமிட் செய்வதில்லை. ஆனால் கிட் பாணி டெஸ்ட்டுகளில் டெஸ்ட்டின் உடம்பு முழுவதும் ஒற்றை மேற்கோளுக்குள் இருக்கும். 'டெஸ்ட்_எக்ஸ்பெக்ட்_சக்ஸஸ்' என்ற ஃபங்ஷனுக்கு முதல் ஆர்குமென்ட் டெஸ்ட்டின் பெயர், இரண்டாவது ஆர்குமென்ட் டெஸ்ட்டே. ஷெல்செக்கின் கண்ணுக்கு அது வெறும் சரம். உள்ளே யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. (கிட் ஆட்கள் மேற்கோளுக்குள் புகுந்து, கட்டளைகளுக்கு இடையில் && விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க 'செயின்லிண்ட்' என்று தனியாக ஒரு கருவியே எழுதி வைத்திருக்கிறார்கள்.)

எதிர்ப்பக்கத்திலும் பொறி உண்டு. கிரெப் 'பயன்பாட்டில் இருக்கிறது' என்று சொல்வதெல்லாம் உண்மையில் பயன்பாட்டில் இருக்காது. எங்களிடம் இரண்டு ஹெல்பர்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு, வெளியே இருந்து எவரும் கூப்பிடாமல், சௌகரியமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. இன்னொன்றைக் கூப்பிடுவது அதற்கென்றே எழுதிய டெஸ்ட் மட்டும்தான். ஹெல்பருக்காக டெஸ்ட், டெஸ்ட்டுக்காக ஹெல்பர். உண்மையான வேலை இரண்டுக்கும் இல்லை.

எழுதியதைத் தேடுவது போதாது, ஓடுவதையும் பார்க்க வேண்டும். முழு டெஸ்ட் தொகுப்பையும் எக்ஸ்டிரேஸ் போட்டு ஓட்டி, எந்தெந்த ஃபங்ஷன் உண்மையில் ஓடியது என்று பெயர்களைச் சேகரித்து, வரையறைப் பட்டியலோடு 'காம்' கட்டளையில் ஒப்பிட்டால் மிச்சம் கிடைக்கும். பாஷ் 4.1 முதல் டிரேஸ் வெளியீட்டைத் தனி ஃபைலுக்குத் திருப்ப வழி இருப்பதால் டெஸ்ட்டின் சொந்த வெளியீட்டோடு அது கலக்காது. ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. உங்கள் மெஷினில் ஓடாத டெஸ்ட்டுகள் இருக்கும். கிட்டிலேயே பெர்ஃபோர்ஸ் சம்பந்தப்பட்ட டெஸ்ட்டுகள் அந்த மென்பொருள் இல்லாத மெஷினில் தாண்டிக் குதித்துப் போய்விடும். ஜிபிஜி இல்லையென்றால் கையெழுத்து டெஸ்ட்டுகள் அப்படித்தான். ஓடவில்லை என்பதால் அந்த ஹெல்பர்கள் செத்ததாக ஆகிவிடாது. தேடல் ஒரு பட்டியல் தரும், டிரேஸ் ஒரு பட்டியல் தரும். இரண்டிலும் இருக்கும் பெயர்கள்தான் விசாரணைக்கே தகுதி.

விசாரணை என்று சொன்னேன், தண்டனை என்று சொல்லவில்லை. நான் இந்தப் பதிவு எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான்.

கிட்டின் கதை ஒன்றைச் சொல்கிறேன். கிட்டின் செய்திகள் முதலில் ஆங்கிலத்தில் மட்டும்தான் வந்தன. 2011இல் அவற்றை மொழிபெயர்க்கும் வசதியைச் சேர்க்கத் தொடங்கினார்கள். இதில் முக்கிய ஆள் எய்வர் பியார்மசோன். அதில் ஒரு சிக்கல். கிட்டின் சில வெளியீடுகளை மனிதர்கள் படிப்பார்கள், சிலவற்றை ஸ்கிரிப்ட்டுகள் படிக்கும். ஸ்கிரிப்ட் படிப்பதை மொழிபெயர்த்தால் உலகம் முழுக்க ஆயிரம் ஸ்கிரிப்ட்டுகள் உடையும். தவறிப்போய் அதை மொழிபெயர்ப்புக்குக் குறித்துவிட்டோமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஒரு குறும்பான வழி கண்டுபிடித்தார்கள். மொழிபெயர்ப்புக்குக் குறித்த எல்லாச் செய்திகளையும் அர்த்தமில்லாத ஒரே சரமாக மாற்றிவிடும் ஒரு முறை. அதற்குப் பெயர் 'கெட்டெக்ஸ்ட் பாய்சன்'. விஷம் வைத்து ஓட்டினால் உடையும் டெஸ்ட், தவறான இடத்தில் மொழிபெயர்ப்பு நுழைந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் மனிதர்களுக்கான செய்தியைச் சோதிக்கும் டெஸ்ட்டுகளும் விஷத்தில் உடையுமே? அதற்காக இரண்டு ஹெல்பர்கள் பிறந்தன: 'டெஸ்ட்_ஐ18என்சிஎம்பி', 'டெஸ்ட்_ஐ18என்கிரெப்'. சாதாரண நாளில் ஒப்பிடும், தேடும். விஷ முறையில் ஒன்றும் பார்க்காமல் 'சரி' என்று தலையாட்டிவிடும்.

பத்து வருஷம் போனது. மொழிபெயர்ப்பு நிலைபெற்றுவிட்டது, விஷம் கண்டுபிடித்துத் தரும் பிழைகளைவிட, ஒவ்வொரு புது டெஸ்ட்டிலும் எந்த ஹெல்பரைப் போடுவது என்ற குழப்பம்தான் அதிகம் என்ற நிலை. 2021 மார்ச்சில் வந்த 2.31 பதிப்பில் விஷ முறையையே எடுத்துவிட்டார்கள். அதோடு அந்த இரண்டு ஹெல்பர்களும் பிறந்த காரணம் செத்துவிட்டது. 'டெஸ்ட்_ஐ18என்சிஎம்பி' சாதாரண ஒப்பீட்டு ஹெல்பரோடு ஒன்றாகிவிட்டதால் அதையும் விரைவில் கழித்துக்கட்டினார்கள்.

ஆனால் 'டெஸ்ட்_ஐ18என்கிரெப்' அவ்வளவு சுலபத்தில் போகவில்லை. நடுவில், 2018இல், அதற்கு வேறு சில நல்ல குணங்கள் சேர்ந்துவிட்டன. தேடச் சொன்ன ஃபைல் இல்லையென்றால் கத்தும். தேடியது கிடைக்கவில்லையென்றால் ஃபைலில் உண்மையில் என்ன இருக்கிறது என்று காட்டும். வெறும் கிரெப் இந்த இரண்டாவதைச் செய்யாது. தோற்றால் மௌனமாகத் தோற்கும், நாம் உட்கார்ந்து மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். பெயரில் இருக்கும் காரணம் போய்விட்டது, வேறு காரணத்துக்காக ஹெல்பர் உயிரோடு இருக்கிறது. ஆகவே 2023இல் ஹமானோ செய்தது: 'டெஸ்ட்_கிரெப்' என்று புதுப்பெயர்; பழைய பெயர் புதியதைக் கூப்பிடும் வெறும் கூடு; பிறகு பழைய பெயரைக் கூப்பிட்ட எல்லா டெஸ்ட்டுகளையும் மாற்றினார். 2024 பிப்ரவரியில் 2.44 வெளியானபோது தொகுப்புக்குள் பழைய பெயருக்கு அழைப்பே இல்லை. அப்போதும் உடனே அழிக்கவில்லை. பழைய பெயரைக் கூப்பிட்டால் டெஸ்ட் அங்கேயே நின்று 'இதைப் பயன்படுத்தாதே, அதைப் பயன்படுத்து' என்று சொல்லும்படி மாற்றினார்கள். கடை இடம் மாறியபின் பழைய ஷட்டரில் ஒட்டும் காகிதம் மாதிரி. ஏன் இந்த நிதானம் என்றால், கிட்டில் எந்த நேரத்திலும் பலருடைய மாற்றங்கள் இன்னும் சேராமல் வரிசையில் நிற்கும். அவற்றில் ஏதோ ஒன்றில் பழைய பெயர் இருக்கலாம். இன்றைய மெயின் கிளையில் கிரெப் செய்து 'யாரும் இல்லை' என்றால், நாளை வந்து சேரப்போகிறவரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

நம் ஆட்கள் பலருக்கு இது ஓவர் என்று தோன்றும். ஒரு ஃபங்ஷன் பெயருக்கு இவ்வளவு சடங்கா என்று. ஆனால் ஷெல்லில் இந்தக் காகிதம் ஒட்டுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது; அதை நம்மில் பலர் யோசிப்பதே இல்லை.

இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் ஷெல் என்ன செய்யும்? 'கட்டளை கிடைக்கவில்லை' என்று ஸ்டாண்டர்ட் எரரில் ஒரு வரி எழுதிவிட்டு, 127 என்ற எண்ணைத் திருப்பித் தரும். பூஜ்யம் இல்லாத எந்த எண்ணும் தோல்வி. இப்போது 'பூட்டு ஃபைல் இருக்கக் கூடாது' என்று சோதிக்கும் ஒரு டெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'லாக்_இருக்கா' என்ற ஹெல்பருக்கு முன்னால் ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருப்போம்: இருக்கா என்று கேள், இல்லை என்றால் பாஸ். அந்த ஹெல்பரை யாரோ நீக்கிவிட்டார்கள். ஷெல் 127 தருகிறது. 127 தோல்வி. ஆச்சரியக்குறி தோல்வியைத் திருப்பிப் போடுகிறது. டெஸ்ட் பாஸ்!

பூட்டு ஃபைல் நடுவீட்டில் கிடந்தாலும் பாஸ்தான். ஹெல்பரை நீக்கிவிட்டு, எல்லா டெஸ்ட்டையும் ஓட்டி, எல்லாம் பச்சை, ஆகவே பத்திரம் என்று சொல்கிறோமே, அந்த வாதம் இந்த இடத்தில் முழுக்கச் சரிந்துவிடுகிறது. 'இஃப்' நிபந்தனையில் கூப்பிட்டாலும் இதே கதை, பின்னால் 'அல்லது ட்ரூ' போட்டிருந்தாலும் இதே கதை. கிட் ஆட்களுக்கு இது தெரியும். தோற்க வேண்டிய கட்டளையைச் சோதிக்க அவர்கள் வைத்திருக்கும் 'டெஸ்ட்_மஸ்ட்_ஃபெயில்' ஹெல்பர் 127 வந்தால் அதை நேர்மையான தோல்வியாக ஏற்றுக்கொள்ளாது. கட்டளையே இல்லை என்று சொல்லி டெஸ்ட்டைத் தோற்கடிக்கும். சிக்னலால் செத்துப்போனாலும் அப்படியே. எங்கள் ஃபிரேம்வொர்க்கிலும் அதையே எடுத்துக்கொண்டோம்.

பாஷ் மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. பாஷ் 4 முதல், கட்டளை கிடைக்காதபோது 'கமாண்ட்_நாட்_ஃபவுண்ட்_ஹேண்டில்' என்ற பெயரில் நாம் எழுதிய ஃபங்ஷன் இருந்தால் பாஷ் அதைக் கூப்பிடும். உபுண்டுவில் தப்பாக டைப் செய்தால் 'இந்த பேக்கேஜை நிறுவுங்கள்' என்று யோசனை வருகிறதே, அது இந்த வழியாகத்தான். டெஸ்ட் ஃபிரேம்வொர்க்கில் அதை எழுதி, கிடைக்காத பெயரை ஒரு ஃபைலில் பதியச் சொல்லி, கடைசியில் அந்த ஃபைல் காலியாக இல்லாவிட்டால் முழு ஓட்டத்தையும் தோல்வி என்று அறிவித்துவிடலாம். ஃபைலில் பதிவது அவசியம். அந்த ஃபங்ஷன் தனிச் சூழலில் ஓடுவதால் அதற்குள் 'எக்ஸிட்' போட்டாலும் டெஸ்ட் நிற்காது. டேஷ் போன்ற சின்ன ஷெல்களில் இந்த வசதி கிடையாது. அங்கே காகிதம் ஒட்டுவதுதான் வழி.

இன்னொரு விஷயம், சின்னதுதான். ஹெல்பருக்கு 'லாக்', 'ரீட்ரை' என்று பொதுப்பெயர் வைத்திருந்து அதை நீக்கினால், சிலர் மெஷினில் அதே பெயரில் வேறு ஏதோ புரோகிராம் இருக்கும். 127 கூட வராது. அந்த புரோகிராம் ஓடும். ஹெல்பர் பெயர்களுக்கு முன்னொட்டு வையுங்கள்.

இப்போது எங்கள் பட்டியலில் இருந்த இன்னொரு பெயருக்கு வருகிறேன்: 'செட்டப்_விழுப்புரம்'.

வெளியூர் வாசகர்களுக்காக: கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாக 2019 ஜனவரியில் அறிவித்தார்கள், அந்த ஆண்டு நவம்பர் 26 அன்று தொடங்கிவைத்தார்கள். அதுவரை நாங்கள் விழுப்புரம் மாவட்டம். விழுப்புரமே 1993இல் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்ததுதான். இப்போது கல்வராயன்மலை, வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட தனித் தாலுகா. மலையின் மறுபக்கம், கருமந்துறை பக்கம், சேலம் மாவட்டம். ஒரு மலை ஊரை அதன் சரியான மாவட்டம், தாலுகாவில் உட்கார வைப்பதுதான் எங்கள் ஸ்கிரிப்ட்டின் பாதி வேலை என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

'செட்டப்_விழுப்புரம்' செய்வது: டெஸ்ட்டுக்கென்று ஒரு தற்காலிக ஃபோல்டர் உண்டாக்கி, பிரிவினைக்கு முந்தைய பாணியில், விழுப்புரம் குறியீட்டோடு ஒரு சின்ன ஊர்ப் பட்டியலை அதில் எழுதி வைப்பது. கிரெப்பில் அழைப்பு இல்லை. டிரேஸில் ஓடவில்லை. ஒட்டிப் பெயர் உண்டாக்கும் வித்தையும் இல்லை. தம்பி சொன்னார்: "இது கண்டிப்பா போகலாம்ணா. நாமதான் இப்ப விழுப்புரமே இல்லையே."

கேட்க நியாயமாக இருந்தது. காரணம் செத்த ஹெல்பர், ஐ18என் கதை மாதிரியே. ஆனால் நீக்குவதற்கு முன் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கிட் லாகில் பெரிய எஸ் ஆப்ஷனைப் போட்டு அந்தப் பெயரைக் கொடுத்தால், அந்தச் சொல் வரும் எண்ணிக்கை எந்தெந்த கமிட்டில் கூடியது, குறைந்தது என்று காட்டும். கடைசியாகக் குறைந்த கமிட்தான் கடைசி அழைப்பு வெளியேறிய இடம். அதைத் திறந்து பார்த்தோம். டெஸ்ட்டுகளைப் புது ஃபைல்களாகப் பிரித்தடுக்கிய ஒரு பெரிய கமிட். பிரித்தடுக்கும்போது பழைய ஃபைல் ஒன்று மொத்தமாக அழிந்திருந்தது. அதில் இருந்தவற்றில் பெரும்பாலானவை புது ஃபைல்களுக்கு வந்துவிட்டன, பழைய குறியீட்டைச் சோதிக்கும் டெஸ்ட் மட்டும் வரவில்லை. கமிட் செய்தியில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நூற்றுக்கணக்கான வரிகள் இடம் மாறும்போது யார் கவனிப்பார்கள்?

பழைய குறியீடு இன்னும் தேவையா? தேவைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாங்கள் விழுப்புரம் மாவட்டம். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டதால், கிராம அளவில் மக்கள்தொகை வேண்டும் என்கிற எவரும் இன்றைக்கும் 2011 பட்டியலைத்தான் கொண்டுவருகிறார்கள். எங்கள் ஸ்கிரிப்ட்டில் அதைப் புது மாவட்டத்துக்கு மாற்றும் பகுதி தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குத்தான் டெஸ்ட் இல்லாமல் போயிருக்கிறது.

ஆக, அழைப்பு இல்லாத ஹெல்பர்கள் இரண்டு வகை. கிரெப்பின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். ஒன்று, வேலை முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியது. இன்னொன்று, அதைக் கூப்பிட வேண்டிய டெஸ்ட் தொலைந்துபோனதற்கு மிச்சமிருக்கும் ஒரே தடயம். 'செட்டப்_விழுப்புரம்' ஹெல்பரை அன்று சுத்தம் என்ற பெயரில் நீக்கியிருந்தால் அந்தத் தடயமும் போயிருக்கும். கவரேஜ் ஓட்டை யார் கண்ணிலும் படாமல் மூடியிருக்கும். நாங்கள் ஹெல்பரை வைத்துக்கொண்டு, தொலைந்த டெஸ்ட்டைப் பழைய கமிட்டிலிருந்து தோண்டி எடுத்துத் திரும்பச் சேர்த்தோம். ஹெல்பரும் இடையில் கொஞ்சம் துருப்பிடித்துத்தான் இருந்தது. ஃபோல்டர் பாதையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

இதனால் நீக்கவே பயப்பட வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டியலில் இருந்தவற்றில் பெரும்பாலானவை நியாயமாகவே போய்ச் சேர்ந்தன. மூன்று ஒப்பீட்டு ஹெல்பர்கள் ஒன்றாகின. ஒன்றையொன்று கூப்பிட்டுக் குடித்தனம் நடத்திய ஜோடி ஒன்றாகவே போனது. 'பின்னால் தேவைப்படும்' என்று யாரோ எழுதி, அந்தப் பின்னால் வராமலே போன சில ஹெல்பர்களுக்கு வரலாற்றில் ஒரு அழைப்பு கூட இருந்ததில்லை. அவற்றை நீக்க விசாரணையே தேவைப்படவில்லை. ஒன்றை நீக்கியதும் அது மட்டுமே கூப்பிட்டுக்கொண்டிருந்த இன்னொன்று அனாதையாகும் என்பதால் பட்டியலைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. ரீட்மியில் ஹெல்பர்களைப் பற்றி எழுதியிருந்த பத்திகளையும் சேர்த்தே எடுத்தோம். அதை மறந்தால், இல்லாத ஹெல்பரை ஆவணத்தில் படித்துவிட்டு யாராவது வந்து கேட்பார்கள்.

ஒரு கமிட்டில் ஒரு ஹெல்பர் மட்டும் நீக்குவது என்று வைத்துக்கொண்டோம். தம்பிக்கு இது பிடிக்கவில்லை, 'ஒரே அடியா தூக்கிடலாமேண்ணா' என்றார். ஆனால் திரும்ப வேண்டுமென்றால் அந்த ஒரு கமிட்டை மட்டும் ரிவர்ட் செய்துகொள்ளலாம் என்பது பெரிய நிம்மதி. அதைவிட முக்கியம் கமிட் செய்தி. 'பயன்படாத ஃபங்ஷன் நீக்கம்' என்று மட்டும் எழுதுவதை நாங்கள் ஏற்பதில்லை. கடைசி அழைப்பு எந்த கமிட்டில் போனது, ஏன் போனது, இந்த இரண்டும் இருக்க வேண்டும். கிட்டின் வரலாற்றைப் புரட்டினால் நல்ல நீக்கக் கமிட்டுகளில் இதைப் பார்க்கலாம்: இன்ன பதிப்பில் இன்ன காரணத்தால் இதற்கு வேலை இல்லாமல் போயிற்று என்று எழுதிவிட்டுத்தான் நீக்குவார்கள். அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் நீக்க நேரம் வரவில்லை.

ஷெல்லும் கிட்டும் இப்போதுதான் கற்றுக்கொள்கிறீர்கள் என்றால், நம் பக்கத்திலேயே விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. தமிழில் படிக்க வேண்டுமென்றால் 2012இல் தொடங்கிய கணியம் இதழ் இருக்கிறது. ஏற்கெனவே ஷெல்லில் டெஸ்ட் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று உங்கள் ஹெல்பர் ஃபைலைத் திறந்து, அழைப்பு இல்லாத ஒரே ஒரு பெயரைப் பிடியுங்கள். நீக்குவதற்கு முன் கிட் லாகில் அதன் கடைசி அழைப்பைத் தேடிப் பாருங்கள். தொலைந்த டெஸ்ட் ஏதாவது அகப்பட்டால் எனக்கு எழுதுங்கள். இந்தப் பக்கத்து ஆட்கள் எத்தனை பேருக்கு இப்படி நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.